தொடாமல் அறியும் ஆளியும் செய்நிரற் கட்டுப்படுத்தியும்: ஓர் இணைப்பின் வரலாறு

கைத்தொழில் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்புக்களின் வரலாற்றையே எழுதி முடிக்கின்றனர். நீராவிப்பொறி, தைனமோ, திரான்சிற்றர் என்றவாறு பொருள்களும், அவற்றை ஆக்கினோர் பெயரும், ஆக்கப்பட்ட ஆண்டும் நிரலாக வைக்கப்படுகின்றன. ஆயின் ஒரு தொழிற்சாலையை நாள்தோறும் இயங்கச் செய்வதில் ஒரு பொருள் மற்றொன்றோடு பொருந்தும் இடங்களுக்கும் பெரும் பங்குண்டு. அவ்விடங்களுக்கு வரலாறு எழுதப்படுவது அரிது. தச்சர் இருவர் தத்தம் பங்கைப் பிழையின்றிச் செய்து முடித்த பின்னரும் கதவு நிலையிற் பொருந்தாமற் போவதுண்டு. அத்தகைய பொருத்தமின்மை ஒன்று தோன்றிய வரலாற்றையும், அதனைத் தீர்க்க எடுக்கப்பட்ட முயற்சிகளையும் ஈண்டு நோக்குவாம்.

எடுத்துக்கொண்ட இணைப்பு, இரு கம்பி அண்மை உணரிக்கும் செய்நிரற் கட்டுப்படுத்தியின் பெய்ப்புக்கும் இடைப்பட்டது. அண்மை உணரி என்பது, ஓர் உலோகப் பகுதி தன் முகத்துக்குச் சில மில்லிமீற்றர் தூரத்துள் வந்ததை அதனைத் தொடாமலே அறிந்து கூறும் கருவி. செய்நிரற் கட்டுப்படுத்தி என்பது, ஆலை எந்திரங்களிலிருந்து வரும் ‘உண்டு’, ‘இல்லை’ என்னும் செய்திகளை ஏற்று, தன்னுள் எழுதிவைக்கப்பட்ட செய்நிரலின்படி மோட்டர்களையும் வால்வுகளையும் இயக்கும் கணனி வகை. முன்னது ஐரோப்பிய இரசாயன ஆலைகளின் தேவையிலும் பின்னது அமெரிக்க மோட்டர் வண்டி ஆலைகளின் தேவையிலும் பிறந்தவை. ஒன்றையொன்று அறியாது வளர்ந்த இவ்விரண்டையும் இரண்டு கம்பிகளால் இணைத்தபோது எழுந்த சிக்கலே நமது பொருள்.

தொடுகையின் காலம்

இவையிரண்டுக்கும் முன்பு ஆலைகளில் ஆட்சி செலுத்தியது எல்லை ஆளி. நகரும் மேசையோ, கதவோ, உருளையின் தண்டோ தன் எல்லையை அடைந்ததும் ஒரு நெம்பை அழுத்தும். நெம்பு இரண்டு உலோகத் துண்டுகளை ஒன்றோடொன்று தொடச்செய்யும். அத்தொடுகை திறந்திருக்கும்போது ஓட்டம் அறவே இல்லை. மூடியிருக்கும்போது அதற்குக் குறுக்கே வோல்ற்றளவு ஏறத்தாழ இல்லை. மின்னியலில் இதனினும் தெளிவான ‘உண்டு’, ‘இல்லை’ கிடையாது. அதன் மறுமுனையில் இருந்தது றிலேயின் சுருள். 24 வோல்ற்றில் 2 உவாற்று வலுவை நுகரும் ஒரு சுருள் ஏறத்தாழ 83 மில்லியம்பியர் ஓட்டத்தை வேண்டி நிற்கும். ஓட்டம் ஒன்றிரண்டு மில்லியம்பியராயின் அது அசைந்தும் கொடாது. பின்னர் நேர்ந்தவற்றை விளங்கிக்கொள்வதற்கு இந்த எண்ணை நினைவில் வைத்தல் வேண்டும்.

தொடுகையின் குறைகள் யாவரும் அறிந்தவை. அது தேயும், எண்ணெயும் தூசும் படிந்தால் தொட்டும் தொடாததாகும், திறக்கும் கணத்திற் பொறி பறக்கும். எரியத்தக்க வாயு சூழ்ந்த இரசாயன ஆலையில் அப்பொறி ஆலையையே அழிக்கவல்லது.

மன்ஹைமிற் பிறந்த உணரி

ஜேர்மனியில் றைன் நதியின் ஒரு கரையில் மன்ஹைம் நகரும், எதிர்க்கரையில் பி.ஏ.எஸ்.எப். நிறுவனத்தின் பெரும் இரசாயன ஆலை அமைந்த லுட்விக்ஸ்ஹாபனும் உள்ளன. வால்ரர் பெப்பேர்ள், லுட்விக் பூக்ஸ் என்னும் இருவர் 1945இல் மன்ஹைமில் வானொலிப்பெட்டி திருத்தும் பட்டறை ஒன்றைத் தொடங்கினர். ஆற்றுக்கு அப்பால் இருந்த ஆலைக்கு, வெடி அபாயமுள்ள இடங்களிற் பொறி பறக்காத ஆளி வேண்டியிருந்தது. 1958இல் பெப்பேர்ளும் வில்பிறீட் கேல் என்பாரும் அந்நிறுவனத்துக்காகத் தூண்டல் முறை அண்மை ஆளியை ஆக்கினர். வானொலி திருத்தியவர்களிடமிருந்தே இக்கருவி வந்தமை வியப்பன்று. அதன் உள்ளம் வானொலிக்காரர் நன்கறிந்த அலையமே.

பெரைற்று அகணியிற் சுற்றிய சுருளும் கொள்ளளவியும் சேர்ந்து உயர் மீடிறனில் அலைகின்றன. சுருளின் முன்னே காந்தப்புலம் பரவுகின்றது. உலோகத் துண்டு அப்புலத்துள் வந்தால் அதனுட் சுழிப்போட்டங்கள் தோன்றி அலைவின் சக்தியை உறிஞ்சுகின்றன. அலைவு நலிகின்றது; ஈற்றில் நின்றும் போகின்றது. அலைவு நலியும்போது கருவி மின்வழங்கலிலிருந்து பெறும் ஓட்டமும் குறைகின்றது. தொலைவில், அபாயமற்ற அறையில் வைத்த விரியலாக்கி அந்த வேறுபாட்டைக் கண்டு றிலேயை இயக்கும்.

இம்முறையில் உணரிக்குச் சென்றவை இரண்டே கம்பிகள் என்பது மனங்கொள்ளத்தக்கது. அதே கம்பிகளில் உணவும் சென்றது, செய்தியும் வந்தது. 1949இல் ஜேர்மன் இரசாயனக் கைத்தொழிலின் அளவீட்டுப் பொறியியலாளர் அமைத்த ‘நாமூர்’ என்னும் சங்கத்தின் பெயராலேயே இவ்வகை உணரி இன்றும் வழங்குகின்றது. 8.2 வோல்ற்று வழங்கலில், உலோகம் இல்லாதபோது ஓட்டம் 2.1 மில்லியம்பியருக்கு மேலும், உலோகம் வந்தபோது 1.2 மில்லியம்பியருக்குக் கீழும் இருத்தல் வேண்டும் என்பது இதன் உடன்பாடு. முதலில் ஜேர்மன் நியமமாயிருந்த இது 1999இல் சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழுவின் (ஐ.ஈ.சி.) 60947-5-6 என்னும் நியமமாயிற்று. உணரி ஓர் ஆளியைப் போல நடிக்க முயலவில்லை. தன் ஓட்டத்தை அளப்பதற்கென்றே அமைந்த விரியலாக்கியோடு மட்டும் பேசிற்று. இரு பக்கத்தையும் ஒரே உடன்பாடு ஆண்டமையால் பொருத்தமின்மை என்னும் பேச்சுக்கே இடமிருக்கவில்லை.

சிக்கல் தொடங்கியது உணரி தன் சொந்த விரியலாக்கியைத் தன்னுள்ளேயே கொண்டு, பொது ஆலைகளுக்குள் நுழைந்தபோதாகும். திரான்சிற்றர்கள் மலிந்து, பாகங்கள் சிறுத்த 1960களின் பிற்பகுதியிலிருந்து இது விரைந்து நிகழ்ந்தது. மூன்று கம்பி உணரிகளுக்குத் தொல்லை குறைவு. இரண்டு கம்பிகள் உணவுக்கு, ஒன்று செய்திக்கு. ஆயின் பழைய ஆலைகளில் எல்லை ஆளிக்கென்று இழுத்திருந்தவை இரண்டு கம்பிகளே. அவை குழாய்களுக்குள்ளும் நிலத்தடியிலும் சென்றன. மூன்றாவது கம்பியை இழுப்பதற்கு ஆலையை நிறுத்தல் வேண்டும். எனவே பழைய ஆளியைக் கழற்றி அதே இரு முனைகளிற் பொருத்தத்தக்க உணரியை ஆலைக்காரர் கேட்டனர். ஆக்குவோரும் அதனைக் கொடுத்தனர். இரு கம்பி உணரியின் பரவலுக்குக் காரணம் மின்னியல் நயம் என்று சிலர் கூறுவர். பழைய கம்பியைப் பிடுங்க மனமில்லாமையே பெருங் காரணம் என்பது என் கருத்து.

டிற்றொயிற்றின் கணக்கு

அமெரிக்காவில் நிகழ்ந்தது முற்றிலும் வேறு கதை. மோட்டர் வண்டி ஆலைகளிற் புதிய மாதிரி வரும்போதெல்லாம் றிலேக்கள் நிறைந்த அலுமாரிகளைக் கழற்றி மீளக் கம்பியிட வேண்டியிருந்தது. அச்செலவைப் பொறுக்காத ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் ஐதரமற்றிக் பிரிவு, கம்பியை மாற்றாது செய்நிரலை மாற்றினாற் போதுமான கட்டுப்படுத்தி ஒன்றுக்குரிய வேண்டுகைகளை 1968இல் வகுத்தது. அவ்வாண்டின் புத்தாண்டு நாளன்றே அத்தகைய கருவியின் எண்ணத்தை எழுதிவைத்திருந்த டிக் மோர்லி என்பாரும், மசசூசெற்சிலிருந்த பெட்போட் அசோசியேற்ஸ் குழுவினரும் ஆக்கிய கருவி 1969இல் வெளிவந்தது. அக்குழுவின் எண்பத்துநான்காவது திட்டமாதலின் அதற்கு 084 என்று பெயர். அதனை விற்கத் தோன்றிய நிறுவனம் மொடிக்கன். ஐரோப்பாவில், 1958இலேயே பதிவு பெற்ற ‘சிமற்றிக்’ என்னும் பெயரின் கீழ் சீமென்ஸ் நிறுவனம் 1973இல் எஸ்-3 வரிசையையும் 1979இல் எஸ்-5 வரிசையையும் கொணர்ந்தது.

இக்கருவியின் மொழி ஆலை மின்தொழிலாளரின் மொழியாகவே அமைக்கப்பட்டது. றிலேச் சுற்றுப் படத்தைப் போன்ற ஏணிப்படமே செய்நிரல். அதன் படிகளில் தொடுகையைக் குறிக்கும் இரு சிறு நிலைக்கோடுகளே சொற்கள். தொழிலாளர் அதனை உடனே ஏற்றுக்கொண்டமைக்கு இதுவே காரணமாயிற்று. ஆனால் அக்குறியீடு ஒரு நம்பிக்கையையும் தன்னோடு கொண்டுவந்தது: கம்பியின் மறுமுனையில் இருப்பது தொடுகை என்பதே அந்நம்பிக்கை. திறந்தால் ஒன்றுமில்லை, மூடினால் முழுமை.

பெய்ப்பின் உள்ளே இருந்ததோ றிலேச் சுருள் அன்று. ஒரு தடையியும், ஒளிகாலும் இருவாயியும், அதன் எதிரே ஒளியை உணரும் திரான்சிற்றரும் வைக்கப்பட்டன. ஆலைப் பக்கத்து மின்னும் கணனிப் பக்கத்து மின்னும் ஒளியால் மட்டும் பேசிக்கொண்டன. ஒளிகாலும் இருவாயிக்குச் சில மில்லியம்பியர் போதும். 83 வேண்டிய இடத்தில் 8 போதியதாயிற்று. பின்னர் 4உம் போதியதாயிற்று. இது முன்னேற்றமே. ஆனால் அம்முன்னேற்றத்தினுள்ளேதான் பொருத்தமின்மையின் வித்தும் இருந்தது.

பட்டினி கிடக்க முடியாத ஆளி

இரு கம்பி உணரி சுமையோடு தொடராக இணைக்கப்படுகின்றது. அதனுள் இருக்கும் அலையத்துக்கும் விரியலாக்கிக்கும் எப்போதும் உணவு வேண்டும். ஆளி திறந்த நிலையிலும் சிறிதளவு ஓட்டம் சுமையினூடாக ஓடினாலன்றி உணரி உயிரோடு இராது. அவ்வோட்டத்தைக் கசிவோட்டம் என்பர். ஆளி மூடிய நிலையிலும் தனக்குக் குறுக்கே சிறிது வோல்ற்றளவை அது வைத்துக்கொள்ளல் வேண்டும்; முழுமையாக மூடினால் அது தானே பட்டினி கிடந்து அணைந்துவிடும். மேலும், மூடிய நிலையில் ஒரு குறைந்தபட்ச ஓட்டமேனும் தன்னூடாகச் செல்லாவிடின் அதன் நிலை உறுதிப்படாது. ஆகவே, திறந்தாலும் முற்றத் திறவாத, மூடினாலும் முற்ற மூடாத ஆளி இது. இரு கம்பியில் உணவையும் செய்தியையும் ஒருங்கே அனுப்பும் எதற்கும் இவ்விதி உண்டு. அளவீட்டுக் கருவிகளின் 4 முதல் 20 மில்லியம்பியர் வரையான சைகை பூச்சியத்திலிருந்து தொடங்காது 4இலிருந்து தொடங்குவதற்கும் ஒரு காரணம் இதுவே. அந்த 4இல் கருவி உயிர்வாழ்கின்றது.

1992இல் வெளியான ஐ.ஈ.சி. 947-5-2 நியமம் (இன்று 60947-5-2) நேரோட்ட இரு கம்பி உணரிக்கு மூன்று எல்லைகளை இட்டது. கசிவோட்டம் 1.5 மில்லியம்பியரை விஞ்சலாகாது. மூடிய நிலையில் வோல்ற்றளவு வீழ்ச்சி 8 வோல்ற்றை விஞ்சலாகாது. வேண்டப்படும் குறைந்தபட்ச ஓட்டம் 5 மில்லியம்பியரை விஞ்சலாகாது. ஆடலோட்ட உணரிக்குக் கசிவு 3 மில்லியம்பியர் வரையும் வீழ்ச்சி 10 வோல்ற்று வரையும் செல்லலாம்.

றிலேச் சுருளோடு இணைத்தால் இவற்றால் யாதொரு தீங்குமில்லை. 83 மில்லியம்பியரில் 1.5 நூற்றுக்கு இரண்டு பங்கும் ஆகாது. ஆனால் 24 வோல்ற்றில் 2.4 மில்லியம்பியர் மட்டுமே பெறும், அதாவது 10 கிலோ ஓம் தடையுள்ள ஒரு பெய்ப்பை எடுத்துக்கொள்வோம். எதிரே உலோகம் இல்லை, ஆளி திறந்திருக்கிறது. இருந்தும் 1.5 மில்லியம்பியர் கசிகின்றது. ஓமின் விதிப்படி பெய்ப்பிற்குக் குறுக்கே 15 வோல்ற்று தோன்றும். கட்டுப்படுத்தி அதனை ‘உண்டு’ என்று வாசிக்கும். இல்லாத கதவு மூடியிருப்பதாகவும், வராத பெட்டி வந்துவிட்டதாகவும் செய்நிரல் எண்ணும். எதிர்த் திசையிலும் கேடுண்டு: ஆளி மூடும்போது இப்பெய்ப்பு 2.4 மில்லியம்பியருக்கு மேல் எடுக்காதாகையால், 5 மில்லியம்பியரை வேண்டும் உணரி உறுதியாக மூடவும் மாட்டாது. மூடிய நிலையிலும் திறந்த நிலையிலும் ஏறத்தாழ ஒரே செய்தி வரும்.

இப்பிழையின் இயல்பு கருதத்தக்கது. உணரியை ஆக்கியோன் தன் பத்திரத்தில் 1.5 என்று எழுதியிருக்கிறான்; அது மெய். கட்டுப்படுத்தியை ஆக்கியோன் தன் பெய்ப்பு 2.4 மில்லியம்பியர் எடுக்கும் என்று எழுதியிருக்கிறான், அதுவும் மெய். உணரியைத் தனியே சோதித்தால் அதன் சிறு விளக்கு ஒழுங்காக எரிந்து அணைகின்றது. பெய்ப்பைத் தனியே ஒரு கம்பித்துண்டாற் சோதித்தால் அதுவும் ஒழுங்காக வேலை செய்கின்றது. குற்றம் இரண்டிலும் இல்லை. இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. அங்கே நிற்பவன் ஆலை மின்தொழிலாளன் ஒருவனே. எந்திரம் நேரமல்லா நேரத்தில் இயங்கினால் முதலிற் கேள்வி அவனிடமே கேட்கப்படும். அழுத்தப் பொறி, ஏற்றப் பட்டை போன்றவற்றில் இத்தகைய பொய்ச்செய்தியால் ஊறு நேர்வது பொருளுக்கு மட்டுமன்று. ‘உண்டு’ என்ற செய்தியைக் கண்டு அடுத்த அசைவைத் தொடங்கும் எந்திரத்தின் முன்னே மனிதன் நிற்கவும் கூடும்.

நியமங்கள் கூடிய இடம்

கட்டுப்படுத்திகளுக்கான ஐ.ஈ.சி. 1131-2 என்னும் நியமமும் 1992இலேயே வெளிவந்தது. ஒரே ஆணைக்குழுவினின்று ஒரே ஆண்டில் வெளிவந்த இவ்விரு நூல்களையும் ஒருங்கே வைத்து வாசிப்பது, வரலாற்று மாணவனுக்கு ஒரு பொருந்தாத் தம்பதியரின் கடிதங்களை வாசிப்பது போன்றது. கட்டுப்படுத்தி நியமம் பெய்ப்புக்களை வகைப்படுத்தியது. 24 வோல்ற்று முதலாம் வகைப் பெய்ப்பு 15 வோல்ற்றிலும் 2 மில்லியம்பியரிலும் ‘உண்டு’ எனல் வேண்டும்; ஆனால் 0.5 மில்லியம்பியருக்கு மேல் வந்தால் அது ‘இல்லை’ என்றே கூறும் என்பதற்கு உறுதியில்லை. இந்த 0.5ஐ உணரிக்கு அனுமதித்த 1.5இன் அருகில் வைத்துப் பார்த்தால் இடைவெளி தெரியும். வோல்ற்றளவிலும் இதுவே நிலை. வழங்கல் 24இலிருந்து நூற்றுக்குப் பதினைந்து குறைந்து 20.4 ஆனால், 8 வோல்ற்றை உணரி எடுத்தபின் எஞ்சுவது 12.4. முதலாம் வகைக்கு வேண்டியது 15.

நியமத்தை வகுத்தோர் இதனை அறியாதவரல்லர். முதலாம் வகை தொடுகைகளுக்கு உரியது, திண்மநிலை உணரிகளுக்கு ஏற்றதாகாமல் இருக்கலாம் என்று அவர்களே சொல்லிவைத்தனர். இரு கம்பி உணரிக்கென்று இரண்டாம் வகையை வகுத்தனர். அது 11 வோல்ற்றில் ‘உண்டு’ எனல் வேண்டும். 6 மில்லியம்பியரேனும் எடுத்தல் வேண்டும். 2 மில்லியம்பியர் வரை ‘இல்லை’ என்றே கொள்ளல் வேண்டும். கசிவு 1.5, தாங்கும் எல்லை 2. வேண்டிய குறைந்தபட்ச ஓட்டம் 5, கிடைப்பது 6. நூற்றுக்கு இருபது குறைந்த வழங்கலான 19.2இலிருந்து 8ஐக் கழித்தால் 11.2. இப்பொருத்தம் தற்செயலாக நேர்ந்தது என நம்புவது கடினம். இங்கே இரு நியமங்களும் முதன்முறையாக ஒன்றையொன்று பார்த்துப் பேசின எனலாம்.

ஆயினும் இரண்டாம் வகை ஆலைகளில் வேரூன்றவில்லை. காரணம் வெப்பம். 11 வோல்ற்றில் 6 மில்லியம்பியர் எடுக்கும் சாதாரண தடையி 24 வோல்ற்றில் 13 எடுக்கும். அதாவது ஒரு பெய்ப்புக்கு 0.31 உவாற்று. முப்பத்திரண்டு பெய்ப்புக்கள் நெருக்கமாக அமைந்த ஓர் அட்டையில் இது 10 உவாற்று. காற்றாடியற்ற சிறு பெட்டியில் அதனை அடைப்பது எளிதன்று. சந்தையோ மேன்மேலும் சிறிய, மேன்மேலும் நெருக்கமான அட்டைகளையே கேட்டது. விலைக்கும் இடத்துக்கும் முன்னே இரண்டாம் வகை பின்வாங்கிற்று. முதலாம் வகை அட்டைகளோடு இரு கம்பி உணரிகளை இணைப்பது தொடர்ந்தது. நியமத்தில் தீர்வு இருந்தும் ஆலையில் அது இல்லாதிருந்த காலம் இது. நியமங்கள் விலை கொடுத்து வாங்கவேண்டிய நூல்கள் என்பதையும் இங்கு சேர்த்து நினைத்தல் வேண்டும். முதலாம் வகை பற்றிய அந்த எச்சரிக்கையை மின்தொழிலாளன் கண்டிருக்க வாய்ப்புக் குறைவு.

2003இல் வெளியான இரண்டாம் பதிப்பு (61131-2) மூன்றாம் வகையைக் கொணர்ந்தது. அது 11 வோல்ற்றில் 2 மில்லியம்பியரோடு ‘உண்டு’ என்னும், 1.5 வரை ‘இல்லை’ என்னும். வோல்ற்றளவு ஏறினாலும் ஓட்டம் ஏறாதவாறு மட்டுப்படுத்தும் சிறு குறைகடத்திச் சுற்றுக்கள் மலிந்தமையால் இது இயன்றது. 24 வோல்ற்றில் 2.5 மில்லியம்பியரோடு நிறுத்தினால் முப்பத்திரண்டு பெய்ப்புக்களின் வெப்பம் 2 உவாற்றிலும் குறைவு. ஆனால் இத்தீர்வு முழுமையானதன்று. கசிவின் உச்சம் 1.5, தாங்கும் எல்லையும் 1.5. இடையில் மயிரிழையும் இல்லை. 5 மில்லியம்பியர் வேண்டும் உணரிக்கு மூன்றாம் வகை போதாது. எனவே உணரியை ஆக்குவோரும் தம் கருவியைக் குறைந்த உணவில் வாழப் பழக்க வேண்டியவராயினர். பலர் பழக்கியும் விட்டனர். 1 மில்லியம்பியருக்கும் குறைந்த கசிவுள்ள உணரிகள் இன்று வழக்கில் உண்டு.

நியமம் வந்தபின் சிக்கல் தீர்ந்தது என்று கூறுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. சீமென்ஸ் நிறுவனத்தின் எஸ்-7-1200 என்னும் சிறு கட்டுப்படுத்தி 2009இல் வெளிவந்தது; மூன்றாம் வகைக்கு ஆறு ஆண்டுகள் பிந்தியது. அதன் பெய்ப்புக்கு ‘இல்லை’யின் எல்லை 5 வோல்ற்றில் 1 மில்லியம்பியர், ‘உண்டு’க்கு 15 வோல்ற்றும் 2.5 மில்லியம்பியரும் வேண்டும். உணரி நியமம் அனுமதிக்கும் 1.5 கசிவோடு அதனை இணைப்பவன் பத்திரத்தின் காவலின்றியே இணைக்கிறான். இதனை மறைத்தனர் என்பதற்கில்லை. அந்நிறுவனத்தின் கைநூல்களில் ‘பெரோ’ என்னும் தன் இரு கம்பி உணரிகளுக்கு அனுமதிக்கத்தக்க ஓய்வோட்டம் எவ்வளவு என்று தனி வரி எழுதும் வழக்கமே இருந்தது. அந்த ஒரு வரி, இரண்டு தொழில்கள் பட்ட பாட்டின் சுவடு.

ஆலையிற் கண்ட பரிகாரம்

நியமம் எட்டாத இடத்தில் மின்தொழிலாளர் கைக்கொண்ட பரிகாரம், பெய்ப்புக்குச் சமாந்தரமாக ஒரு தடையியை இணைத்தலாகும். மேற்கூறிய 10 கிலோ ஓம் பெய்ப்புக்கு 4.7 கிலோ ஓம் தடையியை இணைத்தால் கூட்டுத் தடை ஏறத்தாழ 3.2 கிலோ ஓம். கசிவோட்டம் 1.5 ஆயின் பெய்ப்பிற்குக் குறுக்கே 4.8 வோல்ற்று; ‘இல்லை’யின் எல்லையான 5க்குச் சற்றுக் கீழே. மூடிய நிலையில் உணரி 8 வோல்ற்றை எடுத்தாலும் எஞ்சும் 16 வோல்ற்று 5 மில்லியம்பியரைச் செலுத்தும். உணரி வேண்டியதும் அதுவே. ஒரே தடையி இரு குறைகளையும் நீக்குவதைக் காண்க. வழங்கல் முப்பது வோல்ற்று வரை ஏறினும் அதிற் பிறக்கும் வெப்பம் 0.2 உவாற்றளவே ஆதலின் அரை உவாற்றுத் தடையி போதும். தடையியை இன்னும் குறைத்தால் கசிவுக்கு மேலும் நல்லது. ஆனால் உணரியின் சுமையும் அலுமாரியின் வெப்பமும் கூடும். இக்கணக்கைச் செய்யாது கைக்கு எட்டிய தடையியை முறுக்கிவிடும் வழக்கமும் உண்டு. அது பழுதை ஒளிக்குமேயன்றித் தீர்க்காது.

ஆடலோட்டத்தில் நிலைமை இதனிலும் கடிது. ஐதரமற்றிக் பிரிவின் வேண்டுகை 120 வோல்ற்று ஆடலோட்டத்தை நேரடியாக ஏற்கும் பெய்ப்பையே கேட்டமையால், அமெரிக்க ஆலைகளில் இவ்விணைப்பு நெடுங்காலம் ஆடலோட்டத்திலேயே நிகழ்ந்தது. அங்கே கசிவு 3 மில்லியம்பியர் வரை செல்லலாம். கம்பியின் கொள்ளளவும் தன் பங்குக்குக் கசியும். கிலோமீற்றருக்கு 0.3 மைக்குரோபரட்டு என்று கொண்டால், 230 வோல்ற்று, 50 சுற்று ஆடலோட்டத்தில் 100 மீற்றர் கம்பியே 2 மில்லியம்பியருக்கு மேல் கசியும். உணரியைக் கழற்றி எறிந்த பின்னரும் பெய்ப்பு ‘உண்டு’ என்று கூறும் விந்தை இவ்வாறு விளைவது.

பல உணரிகளை ஒரே பெய்ப்பில் இணைப்பது பற்றியும் ஒரு சொல். தொடுகைகளைத் தொடராகவோ சமாந்தரமாகவோ எத்தனை வேண்டுமாயினும் இணைக்கலாம். றிலேக் காலத்துப் பழக்கம் அது. இரு கம்பி உணரிகளில் அது பொறியாகும். சமாந்தரமாக மூன்றை இணைத்தால் கசிவு 4.5 மில்லியம்பியர் வரை கூடும். எவ்வகைப் பெய்ப்பும் அதனைத் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. தொடராக இரண்டை இணைத்தால் வீழ்ச்சி 16 வோல்ற்று; பெய்ப்புக்கு எஞ்சுவது 8. ஒவ்வோர் உணரிக்கும் ஒரு பெய்ப்பைக் கொடுத்து, ‘மற்றும்’, ‘அல்லது’ என்னும் இணைப்பைச் செய்நிரலுக்குள் எழுதுவதே முறை. கம்பியைக் குறைக்க வந்த உணரியும், றிலேயைக் குறைக்க வந்த கட்டுப்படுத்தியும் இவ்விடத்திற்றான் உண்மையில் ஒன்றுக்கொன்று உதவுகின்றன.

கசிவோட்டத்தின் வரலாற்றில் இன்னுமொரு திருப்பமும் உண்டு. கம்பி அறுந்தால் பெய்ப்பு ‘இல்லை’ என்கிறது. ஆளி திறந்திருந்தாலும் ‘இல்லை’ என்கிறது. இவ்விரண்டையும் வேறுபடுத்தத் தொடுகையால் இயலாது. இரு கம்பி உணரியாலோ இயலும். கசிவும் நின்றுபோனால் கம்பி அறுந்ததென அறியலாம். நாமூர் உணரிகளோடு இணைந்த விரியலாக்கிகள் இதனைப் பயன்படுத்துகின்றன. பின்னர், பழுதறியும் வசதியுடைய கட்டுப்படுத்தி அட்டைகளும் இம்முறையைக் கைக்கொண்டன. அத்தகைய அட்டையோடு சாதாரண எல்லை ஆளியை இணைக்க வேண்டுமாயின், வேண்டுமென்றே சிறிது கசிவை உண்டாக்கும் பொருட்டுத் தொடுகைக்குக் குறுக்கே 10 கிலோ ஓம் அளவிலான தடையி ஒன்று இடப்படுகின்றது. அதனை அலுமாரிப் பக்கத்தில் இடலாகாது; ஆளியின் மூடிக்குள்ளேயே, கம்பியின் கடைசி முனையில் இடல் வேண்டும். இல்லையேல் கம்பி அறுந்த பின்னரும் அலுமாரிக்குள் ஓட்டம் ஓடிக்கொண்டேயிருக்கும். அட்டை யாவும் நலம் என்று காட்டும்.